அசைவும் அறிவும்

நுழையும்முன்

எழுதுகோலைப் பிடித்தல், சோற்றைப் பிசைதல், படியேறுதல், பெயர் சொல்லி அழைத்தவரை நோக்கித் திரும்புதல் ஆகிய செயல்களை மனிதர் எண்ணிப் பார்த்துச் செய்வதில்லை. அவை தாமே நிகழ்வனபோல் தோன்றுகின்றன. ஆயினும் ஒவ்வோர் அசைவின் பின்னும் மூளையின் பல பகுதிகளது கூட்டுழைப்பு இருக்கிறது. அக்கூட்டுழைப்பில் ஒரு கண்ணி தளர்ந்தாலும் கை நடுங்கும். கால் நிலத்தோடு ஒட்டிக்கொள்ளும். முகம் உணர்ச்சி காட்ட மறுக்கும். அந்நிலையில் உள்ளோரை முதுமை, சோம்பல், செருக்கு என்னும் சொற்களால் உலகம் தவறாக அளந்துவிடுகிறது. அத்தவற்றை நீக்கும் அறிவை இப்பாடம் வழங்குகிறது.

புளியமரத்தின் அடியில்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் வழியில், தாமிரபரணியின் தென்கரையில் அமைந்துள்ள ஊர் ஆழ்வார்திருநகரி. திருக்குருகூர் என்பது அதன் பழம்பெயர். நவதிருப்பதிகளுள் ஒன்றான இவ்வூரின் ஆதிநாதர் கோவிலில் பழமையான புளியமரம் ஒன்று நிற்கிறது. புளியின் சிற்றிலைகள் இரவில் குவிவது இயல்பு. இம்மரத்தின் இலைகளோ குவிவதில்லை என்று ஊரார் நம்புவதால், இதற்கு 'உறங்காப்புளி' என்னும் பெயர் வழங்குகிறது.

இம்மரத்தின் அடியிலேயே நம்மாழ்வார் பதினாறு ஆண்டுகள் பேச்சும் அசைவும் இன்றி அமர்ந்திருந்தார் என்பது வைணவ மரபு. வடநாட்டிலிருந்து வந்த மதுரகவியாழ்வார் வினா ஒன்றை எழுப்பியபோது, அதுவரை திறவாத வாய் திறந்து விடை கூறிற்று என்பர். அதன்பின் பிறந்த திருவாய்மொழி தமிழ் உலகம் முழுவதும் பரவியது. மரபு இதனை யோகநிலையாகப் போற்றுகிறது; நோயாகக் கருதுவதில்லை. ஆயினும் அசையாத உடலுக்குள் ஆழ்ந்த அறிவு விழித்திருக்கலாம் என்னும் எண்ணத்தை அது தலைமுறைதோறும் இவ்வூரின் நெஞ்சில் பதித்து வந்துள்ளது. அவ்வெண்ணம் மருத்துவ அறிவியலுக்கும் உடன்பாடானதே.

அசைவின் அழகையும் இக்கோவிலில் காணலாம். மார்கழியில் நிகழும் அத்யயன உற்சவத்தின்போது அரையர்கள் கையில் தாளமேந்தி, பாசுரங்களை இசையோடும் அபிநயத்தோடும் வழங்குகின்றனர். கல்லால் ஆன நாகசுரம் ஒன்றும் இக்கோவிலில் உள்ளது. அரையரின் கையசைவுக்கும் நாகசுரக் கலைஞரின் விரலோட்டத்துக்கும் அடிப்படையாக அமைவது எது?

ஓர் அசைவின் பின்னே

நாகசுரக் கலைஞர் ஒருவர் ஒரு சுரத்தை எழுப்ப எண்ணுகிறார் எனக் கொள்க. அவ்வெண்ணம் முதலில் பெருமூளையின் புறணியில் திட்டமாக உருப்பெறுகிறது. அங்கிருந்து புறப்படும் கட்டளை மூளைத்தண்டைக் கடந்து, பெரும்பாலும் மறுபக்கத்துக்கு மாறி, தண்டுவடத்தின் வழியே இறங்கி, நரம்புகள் மூலம் விரல்தசைகளை அடைகிறது. மூளையின் வலப்பாதியில் குருதியோட்டம் தடைப்பட்டால் உடலின் இடப்பக்கம் செயலிழப்பதற்கு இவ்வமைப்பே காரணம். பாரிசவாதம் என்று மக்கள் கூறும் நிலை இது.

கட்டளை மட்டும் போதுமானதன்று. எந்த விரல் எவ்வளவு விரைவாக, எவ்வளவு அழுத்தத்துடன், எந்த நொடியில் எழவேண்டும் என்பதைத் திருத்திக்கொண்டே இருப்பது தலையின் பின்புறத்தில் உள்ள சிறுமூளை. விரும்பிய அசைவுக்கு வழிவிட்டு, வேண்டாத அசைவுகளை அடக்கி வைப்பவை மூளையின் ஆழத்தில் உள்ள அடித்தள முடிச்சுகள். தேரோட்டத்தில் வடம் பிடிப்போரும் உள்ளனர். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை இடுவோரும் உள்ளனர். இழுப்பது மட்டும் நிகழ்ந்தால் தேர் நிலை தப்பும். தடுப்பது மட்டும் நிகழ்ந்தால் தேர் நகராது. உரிய இடத்தில் தளர்த்தி, உரிய இடத்தில் தடுத்து அசைவை நெறிப்படுத்துவதே அடித்தள முடிச்சுகளின் பணி.

அசைவு பிறழும்போது

அசைவைக் கட்டுப்படுத்தும் இவ்வமைப்பில் பழுது நேரும் இடத்துக்கேற்ப நோயின் தோற்றமும் மாறுகிறது. சிறுமூளை பழுதுற்றால் தசைகளில் வலிமை இருந்தும் நடை தடுமாறும், எடுக்கச் சென்ற பொருளைக் கை தாண்டிச் செல்லும், பேச்சுக் குழறும். குடிக்காதவரையும் குடித்தவர் என்று தெருவில் நிற்போர் எள்ளுவதற்கு இந்நோய் இடந்தருகிறது.

தசைகள் தாமே முறுக்கிக்கொள்ளும் நோய் மற்றொரு வகை. ஆண்டுக்கணக்கில் ஒரே நுண்பணியைச் செய்யும் எழுத்தர்களுக்கும் இசைக்கலைஞர்களுக்கும் அப்பணியில் ஈடுபடும்போது மட்டும் விரல்கள் மடங்கி முறுக்கிக்கொள்வது உண்டு. பிற வேலைகளை அதே விரல்கள் இயல்பாகச் செய்யும். இதனால் இது நடிப்பு என்று பிறர் ஐயுறுவர். ஆனால் இது நடிப்பன்று.

பள்ளிச் சிறாரிடம் தோன்றும் ஒரு நோயும் கருதத்தக்கது. தொண்டையில் ஏற்படும் ஒருவகை நுண்ணுயிரித் தொற்றுக்குச் சில வாரங்களோ மாதங்களோ கழித்து, சில குழந்தைகளின் கை, கால், முகம் ஆகியன காரணமின்றித் துள்ளத் தொடங்கும். எழுத்துக் கோணும், கையிலுள்ள பொருள் நழுவும். சிடன்ஹாம் கொரியா எனப்படும் இந்நோயை அறியாதோர், குழந்தை குறும்பு செய்வதாக எண்ணித் தண்டித்துவிடுவர். இந்நோயுற்ற குழந்தையின் இதயத்தையும் ஆய்வது இன்றியமையாதது. அத்தொற்றின் விளைவு இதய வால்வுகளையும் தாக்கக்கூடும்.

1912ஆம் ஆண்டு கின்னியர் வில்சன் விளக்கிய நோயில், உடலிலிருந்து வெளியேறவேண்டிய செம்பு ஈரலிலும் மூளையிலும் தேங்குகிறது. இளம் பருவத்திலேயே நடுக்கமும் பேச்சுக் குழறலும் தோன்றலாம். உரிய காலத்தில் கண்டறிந்தால் செம்பை வெளியேற்றும் மருந்துகளால் இதனைக் கட்டுப்படுத்தலாம். 1872ஆம் ஆண்டு ஜார்ஜ் ஹண்டிங்டன் விளக்கிய நோயோ மரபுவழி வருவது. இந்நோயுடைய ஒருவரின் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு. நடுக்கம் என்னும் ஒரே சொல்லால் இந்நோய்கள் அனைத்தையும் குறித்துவிட இயலாது என்பது இவற்றால் விளங்கும்.

நடுக்குவாதம்

அசைவு தொடர்பான நோய்களுள் பரவலாக அறியப்பட்டது பார்க்கின்சன் நோய். இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817ஆம் ஆண்டு இந்நோய் குறித்துச் சிறுநூல் ஒன்றை வெளியிட்டார். அதில் ஆறு பேரின் நிலையை அவர் விளக்கினார். அவர்களுள் சிலர் அவரிடம் மருத்துவம் பெற வந்தவர்கள் அல்லர். தெருவில் அவர் கண்ணுற்றவர்கள். கூர்ந்து பார்த்தலே மருத்துவத்தின் முதற்கருவி என்பதற்கு அந்நூல் சான்று. பிற்காலத்தில் பிரெஞ்சு மருத்துவர் ஷார்க்கோ, அந்நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரை வழங்கினார். பார்க்கின்சன் பிறந்த ஏப்ரல் 11ஆம் நாள், உலகப் பார்க்கின்சன் நோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

நடுமூளையில் கருநிறமாகத் தோன்றும் ஒரு சிறுபகுதி உள்ளது. அங்குள்ள உயிரணுக்கள் டோபமைன் என்னும் வேதிப்பொருளை ஆக்கி, அடித்தள முடிச்சுகளுக்கு அனுப்புகின்றன. அவ்வுயிரணுக்கள் மெல்ல மெல்ல அழிவதே இந்நோயின் அடிப்படை. டோபமைனின் பெரும்பகுதி குறைந்த பின்னரே அசைவில் மாற்றம் புலப்படுகிறது. ஆகவே நோய் வெளிப்படும் நாளுக்குப் பல ஆண்டுகள் முன்னரே உள்ளே அழிவு தொடங்கிவிடுகிறது.

அறுபது வயதைக் கடந்தோரிடம் இந்நோய் மிகுதியாகக் காணப்படினும், இளையோருக்கும் வருவதுண்டு. கை ஓய்ந்திருக்கும்போது நடுங்குவது இதன் அடையாளங்களுள் ஒன்று. குவளையை எடுக்கக் கை நீளும்போது அந்நடுக்கம் பெரும்பாலும் குறையும். மாறாக, குவளையை வாயருகே கொண்டு செல்லும்போது மிகும் நடுக்கம் வேறொரு நோயின் அடையாளமாக இருக்கலாம். நடுக்கம் சிறிதும் இல்லாத பார்க்கின்சன் நோயாளரும் உளர். இந்நோயின் உயிர்நாடியாகிய அடையாளம் அசைவின் மந்தமே. சட்டைப் பொத்தானை இடுவதற்கு நெடுநேரம் ஆகும், நடக்கும்போது ஒரு கை வீசாது தொங்கும், கையெழுத்து வரவரச் சிறுக்கும், குரல் தாழும், கண்ணிமைப்பு அருகும், முகம் சலனமற்றுத் தோன்றும். மணத்தை உணரும் ஆற்றல் குறைதல், மலச்சிக்கல், உறக்கத்தில் கனவுக்கேற்பக் கைகால்களை வீசுதல் ஆகியன பல ஆண்டுகள் முன்னரே தலைகாட்டக்கூடும்.

மேலைமருத்துவம் பெயரிடுவதற்கு முன்பே நடுக்கத்தை நோயாக அறிந்த மரபு இந்நாட்டில் உண்டு. உடலின் இயக்கத்துக்கு வாதமே காரணம் என்று கொண்ட சித்த மருத்துவம், இயக்கக் கோளாறுகள் பலவற்றை வாத நோய்களுள் அடக்கியது. யூகி முனிவர் பெயரால் வழங்கும் மருத்துவ நூல், வாத நோய்களை எண்பது வகையாகப் பகுக்கிறது. ஆயுர்வேதம் நடுக்கத்தைக் கம்பவாதம் என்று குறிக்கிறது. தாமிரபரணிக் கரையில் அம்மருத்துவ மரபு இன்றும் கல்வியாக வாழ்கிறது. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது.

வேலியோரக் கொடியும் சென்னை ஆய்வகமும்

வேலிகளிலும் புதர்களிலும் படரும் கொடிகளுள் ஒன்று பூனைக்காலி. அதன் காய்களை மூடியிருக்கும் நுண்மயிர்கள் உடலில் பட்டால் தாங்கவொண்ணா அரிப்பு உண்டாகும். ஆகவே சிறுவர்கள் அக்கொடியை அஞ்சி விலகுவர். அதன் விதையோ இந்திய மருத்துவ முறைகளில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது.

1937ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரன், ராமசாமி என்னும் இரு ஆய்வாளர்கள் பூனைக்காலி விதையிலிருந்து ஒரு வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தனர். இன்று லெவோடோபா என்று வழங்கப்படும் பொருள் அதுவே. 1913ஆம் ஆண்டிலேயே ஐரோப்பாவில் ஒருவகை அவரையிலிருந்து அது பிரித்தெடுக்கப்பட்டிருந்தது. ஆயினும் மூளையில் அதற்கு ஒரு பணி உண்டு என்பதை அந்நாளில் எவரும் அறிந்திலர். விதையில் மருந்து இருந்தது. வேதியியலார் கையில் அதன் தூய வடிவம் இருந்தது. தெருவில் நோயாளர் இருந்தனர். மூன்றையும் இணைக்கும் அறிவு மட்டும் பிறக்கவில்லை.

அவ்விணைப்பிற்கு வழிகாட்டியதும் இந்திய மண்ணின் மற்றொரு மூலிகையே. சர்ப்பகந்தி வேரிலிருந்து 1952ஆம் ஆண்டு ரெசர்பின் என்னும் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. சுவீடன் நாட்டு அறிஞர் ஆர்விட் கார்ல்சன் ரெசர்பினை முயல்களுக்குச் செலுத்தியபோது அவை அசைவற்றுச் சோர்ந்தன. பின்னர் டோபாவைச் செலுத்தியபோது அவை மீண்டும் எழுந்து இயங்கின. 1957ஆம் ஆண்டு வெளியான இவ்வாய்வு, அசைவுக்கும் டோபமைனுக்கும் உள்ள தொடர்பைத் துலக்கியது. டோபமைன் பற்றிய ஆய்வுகளுக்காகக் கார்ல்சன் 2000ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

1960ஆம் ஆண்டு வியன்னாவில் எரிங்கரும் ஹார்னிகீவிச்சும், பார்க்கின்சன் நோயால் இறந்தோரின் மூளையில் டோபமைன் பெரிதும் குறைந்திருந்ததைக் கண்டறிந்தனர். டோபமைனை மருந்தாகக் கொடுத்தால் அது குருதியிலிருந்து மூளைக்குள் புகாது. லெவோடோபாவோ மூளைக்குள் புகுந்து அங்கே டோபமைனாக மாறும். 1967ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ், டோபாவின் அளவைச் சிறிது சிறிதாக உயர்த்தி வாய்வழியே கொடுத்து, நோயாளர் பலரை நடக்கச் செய்தார். சென்னை ஆய்வகத்தில் அப்பொருள் பிரித்தெடுக்கப்பட்ட ஆண்டிலிருந்து முப்பது ஆண்டுகள் அதற்குள் கழிந்திருந்தன.

தெரிந்து தெளிவோம்

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1949ஆம் ஆண்டு ஜேக்கப் சாண்டியும், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1950ஆம் ஆண்டு பா. ராமமூர்த்தியும் நரம்பு அறுவை மருத்துவத் துறைகளைத் தொடங்கினர். இந்தியாவில் நரம்பு அறுவை மருத்துவம் வேரூன்றியதில் தமிழகத்துக்குச் சிறப்பிடம் உண்டு.

மருந்தின் வலிமையும் எல்லையும்

லெவோடோபா அசைவை மீட்டுத் தருகிறது; ஆனால் உயிரணுக்களின் அழிவை நிறுத்துவதில்லை. ஆண்டுகள் செல்லச்செல்ல மருந்தின் பயன் நீடிக்கும் நேரம் குறையும். ஒரு வேளை மருந்துக்கும் மறுவேளை மருந்துக்கும் இடையே உடல் மீண்டும் இறுகும். சில வேளைகளில் வேண்டாத அசைவுகள் மிகும். ஆகவே மருந்தின் அளவையும் நேரத்தையும் ஒவ்வொருவருக்கும் ஏற்ப மருத்துவர் மாற்றியமைக்கின்றனர். மருந்தால் மட்டும் பயன் கிட்டாத சிலருக்கு, மூளையின் ஆழத்தில் நுண்ணிய மின்முனையைப் பொருத்தித் தூண்டும் முறை உதவுகிறது. 1987ஆம் ஆண்டு பிரான்சில் பெனாபிட் என்னும் மருத்துவர் தொடங்கிய இம்முறை இன்று இந்தியாவிலும் வழக்கில் உள்ளது.

பூனைக்காலியும் மறக்கப்படவில்லை. 1978ஆம் ஆண்டு இந்திய நரம்பியல் இதழொன்றில், அவ்விதையைக் கொண்டு பார்க்கின்சன் நோய்க்கு மருத்துவம் செய்த ஆய்வு வெளியாயிற்று. 2004ஆம் ஆண்டு வெளியான இலண்டன் ஆய்வில் எட்டு நோயாளர் பங்கேற்றனர். விதைப்பொடி விரைவாகவும் நெடுநேரமும் பயன் தந்ததாக அவ்வாய்வு கூறிற்று. எட்டுப் பேரிடம் கண்ட முடிவு மேலும் ஆராயத் தூண்டுமேயன்றி, அனைவருக்கும் உரிய விதியாகிவிடாது. விதைக்கு விதை மருந்துப்பொருளின் அளவு மாறுபடும். மருத்துவர் அறியாமல் பொடியை உண்பதும், உண்டுவரும் மருந்தைத் திடீரென நிறுத்துவதும் பெருந்தீங்கு விளைவிக்கும். மரபறிவை மதித்தல் என்பது அதனை அளந்து, ஆய்ந்து, தெளிந்து ஏற்றலே ஆகும்.

தாளம் திறக்கும் வழி

இந்நோயில் 'நடை உறைதல்' என்றொரு நிலை உண்டு. நடந்து செல்பவர் வாயிற்படியருகே வந்ததும் பாதங்கள் தரையில் ஒட்டியதுபோல் நின்றுவிடுவார். எவ்வளவு முயன்றாலும் அடி பெயராது. அவரே படிக்கட்டு ஒன்றைக் கண்டால் எளிதாக ஏறிவிடுவதும் உண்டு. காண்போர்க்கு இது வியப்பளிக்கும். இயலாமை பொய்யோ என்னும் ஐயத்தையும் எழுப்பும்.

இவ்வியப்புக்கு அறிவியல் தரும் விளக்கம் எளியது. தானே தொடங்கும் பழகிய அசைவுகள் அடித்தள முடிச்சுகளையே பெரிதும் நம்பியுள்ளன. கண்ணுக்குத் தெரியும் கோடோ காதில் விழும் தாளமோ வெளியிலிருந்து அழைக்கும்போது, மூளை வேறு வழிகளையும் துணைக்கொள்கிறது. ஆகவே தரையில் குறுக்குக் கோடுகள் இடுதல், ஒரே சீராகக் கைதட்டுதல், தாளத்துக்கேற்ப அடிவைத்தல் ஆகியவற்றை நடைப்பயிற்சியில் பயன்படுத்துகின்றனர். உறைந்து நின்றவரை இழுத்தலும் தள்ளுதலும் கூடா. அவை அவரை வீழ்த்திவிடும். அவர் முன் ஒரு பாதத்தை வைத்து, அதனைத் தாண்டுமாறு மென்மையாகக் கூறினால் அவர் அடியெடுத்து வைக்கக்கூடும். அரையர் கையில் ஒலிக்கும் தாளம் பாசுரத்தை வழிநடத்துவதுபோல, வெளியிலிருந்து வரும் தாளம் தயங்கி நிற்கும் காலையும் வழிநடத்தும்.

ஊரின் கடமை

ஆழ்வார்திருநகரியின் தெரு ஒன்றில் முதியவர் ஒருவர் திண்ணையில் அமர்ந்திருக்கிறார் எனக் கொள்க. தெருவில் செல்லும் இளைஞன், "தாத்தா, சௌக்கியமா?" என்று கேட்கிறான். முதியவர் முகத்தில் மலர்ச்சி இல்லை. உடனே விடையும் இல்லை. இளைஞன் மனம் சுருங்கி அப்பால் செல்கிறான். அவன் தெருமுனையை அடையும் வேளையில்தான் முதியவரின் உதட்டிலிருந்து, "நல்லா இருக்கேன்யா" என்னும் சொல் மெல்ல வெளிப்படுகிறது. அதனைக் கேட்க அங்கே எவரும் இல்லை. நாளடைவில் வினவுவோரும் குறைவர். நோய் அவரது தசைகளை இறுக்கியது; அறியாமையோ அவரை ஊரிலிருந்தே பிரித்துவிட்டது.

இத்தகைய நோயாளருக்கு இரங்கல் மட்டும் போதாது; உரிமையும் வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகைக் குறைபாடுகளை ஏற்றுள்ளது. பார்க்கின்சன் நோயும் மூளை முடக்குவாதமும் அவற்றுள் அடங்கும். திருநெல்வேலியில் 1965ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி, ஆற்றங்கரை ஊர்களில் வாழ்வோருக்கு மருத்துவம் வழங்கிவருகிறது. நடுக்கமோ நடைத்தளர்ச்சியோ காணும்போது, முதுமை என்று ஒதுக்காமல் மருத்துவரை நாடச் செய்தல் குடும்பத்தாரின் முதற்கடமை. பொத்தானிட ஆகும் நேரத்தைப் பொறுத்தலும், தாழ்ந்த குரலுக்குச் செவி தாழ்த்தலும், விடை வரும்வரை காத்திருத்தலும் எவரும் செய்யத்தக்க உதவிகள்.

மதுரகவியாழ்வார், அசைவின்றி அமர்ந்திருந்தவரைக் கடந்து சென்றுவிடவில்லை. அவர் வினவினார், விடைக்குக் காத்திருந்தார். அவ்வினாவால் தமிழுக்குத் திருவாய்மொழி கிடைத்தது என்று குருகூர் மரபு போற்றுகிறது. திண்ணைதோறும் அவ்வாறு காத்திருக்கும் பொறுமை வாய்த்தால், உறைந்த முகங்களுக்குப் பின்னே விழித்திருக்கும் மனிதர்களை ஊர் மீண்டும் அடையும்.

கற்பவை கற்றபின்

1. பூனைக்காலி, சர்ப்பகந்தி ஆகிய மூலிகைகள் நரம்பியல் ஆய்வுக்குத் துணைநின்றதைக் கால வரிசையில் அட்டவணைப்படுத்துக.

2. உங்கள் ஊரில் வாத நோய்களைக் குறிக்க வழங்கும் சொற்களைப் பெரியோரிடம் கேட்டுத் தொகுத்து வகுப்பறையில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

குறுவினா

1. 'உறங்காப்புளி' என்னும் பெயர்க்காரணம் யாது?

2. டோபமைனுக்கு மாற்றாக லெவோடோபா மருந்தாகக் கொடுக்கப்படுவது ஏன்?

சிறுவினா

3. நடை உறைந்து நிற்பவருக்கு உதவும் முறைகளையும் அவற்றின் அறிவியல் அடிப்படையையும் விளக்குக.

நெடுவினா

4. 'நோய் தசைகளை இறுக்கியது. அறியாமையோ அவரை ஊரிலிருந்தே பிரித்துவிட்டது' – பாடப்பகுதி கொண்டு இக்கூற்றை நிறுவுக.